மேட்டுப் பக்கம் ஓடிய தண்ணீர்

அந்த வருடம் எனக்கு எல்லாமே அலுத்துப் போயிருந்தது. மறைமலை நகரைத் தாண்டி ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சிவில் மாணவர்களுக்கு நீரியல் பாடம் எடுக்கிறேன். காலையில் கல்லூரிப் பேருந்து ஏறினால் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் பாதித் தூக்கம், மாலையில் திரும்பும்போது மீதித் தூக்கம். சிவில் பிரிவில் ஆள் சேர்வது குறைந்துகொண்டே வந்தது. பின்வரிசை பெஞ்சுகளை வேறு வகுப்புக்கு எடுத்துப்போய்விட்டார்கள். நிலத்தடி நீர் என்ற அத்தியாயத்தை நான் எத்தனை முறை நடத்தியிருப்பேன் என்று கேட்டால் தெரியாது. கரும்பலகையில் மண்ணை வரைந்து, பாறையை வரைந்து, நடுவே புள்ளி வைத்துத் தண்ணீரைக் காட்டுவேன். கை தானாக வரையும். மனம் வேறு எங்கோ இருக்கும்.

வீடு செம்பாக்கத்தில், ஏரிக்கரையிலிருந்து மெயின் ரோடு நோக்கி ஏறும் ஒரு தெருவில். ஏறும் என்று சொன்னாலும் பெரிய ஏற்றம் இல்லை. மழை பெய்தால் தண்ணீர் ஏரிப் பக்கமாக ஓடும், சைக்கிளை மெயின் ரோட்டுப் பக்கம் மிதிக்கும்போது கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். பழைய வீடுகள் எல்லாவற்றிலும் உறைக்கிணறு உண்டு. போர் போட்ட பிறகும் கிணற்றை யாரும் மூடவில்லை. துணி துவைக்க, செடிக்கு ஊற்ற, பாத்திரம் கழுவ என்று ஏதோ ஒன்றுக்கு அது ஓடிக்கொண்டிருந்தது. பாதாளச் சாக்கடை வரப்போகிறது என்று பல வருடங்களாகச் சொல்கிறார்கள். அதுவரை எல்லார் வீட்டிலும் செப்டிக் டேங்க்தான்.

என் வீட்டுக்குச் சற்றே மேலே, எதிர்ச்சாரியில் டீச்சர் வீடு. உதவி பெறும் கிறிஸ்தவப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. மகன் வெளிநாட்டில். தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, டீச்சர் என்றால் அவர்தான். அவர் வீட்டுக்கு அடுத்து, மேட்டுப் பக்கம், சுவரை ஒட்டி மாவுக்கார அக்காவின் வீடு. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த குடும்பம். அவருடைய கணவர் ஏசி மெக்கானிக். அக்கா வீட்டிலேயே இரண்டு பெரிய கிரைண்டர் வைத்து இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டிருந்தார். மாலையில் அவர் வாசலில் தூக்கோடு ஐந்தாறு பேராவது நிற்பார்கள். நானும் அதில் ஒருத்தி. கல்லூரியிலிருந்து வந்து உளுந்து ஊறவைத்து அரைக்கும் தெம்பெல்லாம் எனக்கு இருந்ததே இல்லை.

கோடையில் டீச்சர் கிணற்றில் நாற்றம் வந்தது. முதலில் லேசாக, இலை அழுகிய வாசம் போல. பிறகு சந்தேகத்துக்கு இடமில்லாமல் அது என்ன நாற்றம் என்று தெரிந்தது. டீச்சர் கிணற்றுத் தண்ணீரைத்தான் குளிக்கவும் சமைக்கவும் வைத்திருந்தார். போர் போடவே இல்லை. கணவர் தோண்டிய கிணறு, எந்தக் கோடையிலும் வற்றியதில்லை என்று பெருமையாகச் சொல்வார். இப்போது கேன் தண்ணீர் வாங்கிச் சமாளித்தார்.

யார் காரணம் என்று கண்டுபிடிக்கத் தெருவுக்கு வெகு நேரம் ஆகவில்லை. மாவுக்கார அக்கா வீட்டில் அதற்கு முந்தைய வருடம்தான் மாடி கட்டி இரண்டு குடித்தனம் வைத்திருந்தார்கள். ஆள் கூடினால் டேங்க் நிறையும். அந்த டேங்க் சுவருக்கு அந்தப் பக்கம், டீச்சர் கிணறு சுவருக்கு இந்தப் பக்கம். அவர்கள் மேடு, இவர் பள்ளம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

டீச்சர் போய்ச் சொன்னார். அக்கா லாரி வரவழைத்து டேங்க்கைக் காலி செய்தார். நாற்றம் குறையவில்லை. டீச்சர் மறுபடி சொன்னார். அக்காவின் கணவர் ஒரு ஆளோடு சேர்ந்து டேங்க்கின் உள்பக்கத்தைப் பூசினார். அப்போதும் குறையவில்லை. மூன்றாவது முறை டீச்சர் சொல்லும்போது குரல் உயர்ந்துவிட்டது. மாவு வாங்க நின்றவர்கள் முன்னாலேயே, "இந்தத் தண்ணியிலதான் மாவு அரைக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

அது கேள்வி கூட இல்லை. அக்கா மாவு அரைப்பது கேன் தண்ணீரில் என்று எல்லாருக்கும் தெரியும். கேன்கள் வாசலிலேயே அடுக்கியிருக்கும். ஆனாலும் அடுத்த நாள் வரிசையில் ஆள் குறைந்தது. அந்த வாரக் கடைசியில் வரிசையே இல்லை. நான் போய் நின்றபோது அக்கா தூக்கு நிறைய மாவை ஊற்றிக் கொடுத்தார்.

"இன்னும் ரெண்டு கரண்டி எடுத்துக்கோ மேடம். எல்லாம் புளிச்சித்தான் போவப் போவுது."

நான் வாங்கிக்கொண்டு வந்தேன். சண்டைகளில் தலையிடும் வயதும் பொறுமையும் எனக்குப் போய்விட்டிருந்தன.

ஆனால் அக்கா விடவில்லை. ஒரு சனிக்கிழமை மாலை நான் பேருந்திலிருந்து இறங்கி நடந்து வரும்போது வாசலில் காத்திருந்தார்.

"மேடம், நீ இத்தத்தான பாடம் எடுக்கற? பூமிக்குள்ள தண்ணி எப்டிப் போவுதுன்னு?"

"ஆமாக்கா."

"அப்ப எங்க டேங்க் தண்ணி அவங்க கிணத்துக்குப் போவுதா இல்லியான்னு சொல்லு. போவுதுன்னா டேங்க்க இடிச்சிட்டு வேற எடத்துல கட்றோம். இல்லன்னா இல்லன்னு சொல்லு. ஊரே எங்கள ஒரு மாதிரி பாத்துகினு கீது."

எனக்குச் செருப்பைக் கழற்றி உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. இருந்தாலும் வகுப்பில் நான் ஆண்டாண்டாகச் சொல்லிவரும் ஒரு விஷயம் தொண்டையில் வந்து நின்றது. தரையின் சரிவு வேறு, தரைக்கடியில் தண்ணீரின் சரிவு வேறு. பெரும்பாலும் இரண்டும் ஒரே பக்கம் சாயும், அதனால் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்கிறோம். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகும் என்பது உண்மைதான். ஆனால் அந்த மேடும் பள்ளமும் தண்ணீர் மட்டத்தின் மேடு பள்ளம். அதைக் கண்ணால் பார்க்க முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். மூன்று கிணறுகள் இருந்தால் போதும். மூன்றின் நீர்மட்டமும் தெரிந்தால் தண்ணீர் எந்தத் திசையில் நகர்கிறது என்று ஒரு முக்கோணம் போட்டுச் சொல்லிவிடலாம். தேர்வில் எட்டு மதிப்பெண் கேள்வி. பாதிப் பேர் விட்டுவிடுவார்கள்.

"நாளைக்கு லீவு தானக்கா. ராத்திரி யாரும் கிணத்து மோட்டார் போடாம இருந்தா காலையில அளந்து பாக்கலாம்" என்றேன். சொன்ன உடனேயே ஏன் சொன்னோம் என்று இருந்தது.

மோட்டார் ஓடினால் கிணற்றில் தண்ணீர் கீழே இறங்கியிருக்கும், அது உண்மையான மட்டம் இல்லை. ஊறி, ஏறி, ஓரிடத்தில் நிலைத்து நிற்க வேண்டும். டீச்சரிடம் இதைச் சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன்.

"எனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்லம்மா. நல்லா அளந்து பாரு. ஆனா நீ அவங்களுக்காகப் பண்றியா, எனக்காகப் பண்றியா?" என்றார்.

"தெரியல டீச்சர். ரெண்டு பேரும் பேசிக்காம இருக்கறதப் பாக்க அலுப்பா இருக்கு."

அவர் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது.

ஞாயிறு காலை, கையில் இரும்பு டேப், அதன் நுனியில் கட்டிய ஒரு போல்ட், ஒரு சாக்பீஸ். டேப்பின் கீழ்ப்பகுதியில் சாக்பீஸைத் தேய்த்துக் கிணற்றுக்குள் இறக்கினால் தண்ணீரில் முங்கிய இடம் வரை சாக்பீஸ் பூச்சு நிறம் மாறிவிடும். மேலே எடுத்து ஈரம் எதுவரை என்று பார்த்துக் கழித்துக்கொண்டால் நீர்மட்டம் கிடைக்கும். முதலில் என் வீடு, பிறகு டீச்சர் வீடு, கடைசியில் அக்கா வீடு. அக்கா வீட்டுக் கிணற்றின் மேல் சிமெண்ட் பலகை போட்டு அதன் மேல் காலி சிலிண்டர், பழைய ஏசிப் பெட்டி எல்லாம் இருந்தன. போர் போட்ட பிறகு அவர்கள் கிணற்றைத் திறக்கவே இல்லை. அக்காவின் கணவர் எல்லாவற்றையும் நகர்த்திப் பலகையைத் தள்ளினார்.

"தண்ணி கீதான்னே பாத்து நாளாச்சு மேடம்" என்றார்.

தண்ணீர் இருந்தது. டேப்பை இறக்கினேன், இறக்கினேன், அது போய்க்கொண்டே இருந்தது. நான் நினைத்த இடத்தில் அது தண்ணீரைத் தொடவில்லை.

அடுத்தது தரை மட்டம். மூன்று கிணற்று வாய்களும் ஒரே உயரத்தில் இல்லையே. கொத்தனார்கள் வைத்திருக்கும் ட்யூப் லெவலை அக்காவின் கணவர் யாரிடமோ வாங்கி வந்திருந்தார். உள்ளிருப்பது தெரியும் நீளமான பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர். அவர் ஒரு முனையை அங்கே பிடிக்க, நான் ஒரு முனையை இங்கே பிடிக்க, சுவர் மேலேயும் தெருக் குறுக்கேயும் இழுத்து, ஆட்டோ வரும்போது தூக்கி, மறுபடி வைத்து, எந்தக் கிணற்று வாய் எவ்வளவு உயரம் என்று சுவரில் பென்சில் கோடு போட்டுக்கொண்டு வந்தோம். வெயில் ஏறிவிட்டது. இரண்டு வீட்டுப் பெண்களும் அவரவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டேன். தப்பு என்று நினைத்து மறுபடி போட்டேன். மூன்றில் உயரமான நீர்மட்டம் ஏரியை ஒட்டிய என் கிணற்றில் இருந்தது. டீச்சர் கிணற்றில் அதைவிட ஒரு முழம் கீழே. அக்கா வீட்டுக் கிணற்றில் அதற்கும் வெகு கீழே. தரை அந்தப் பக்கம் ஏறிக்கொண்டே போகிறது, தண்ணீரோ அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டே போகிறது. அக்காவின் டேங்க்கிலிருந்து டீச்சர் கிணற்றுக்குத் தண்ணீர் வருவதென்றால் அது எதிர்த்து ஏற வேண்டும். வரவே முடியாது.

தண்ணீரை மேட்டுப் பக்கம் இழுப்பது எது என்று யோசிக்கத் தேவையே இல்லை. அக்கா வீட்டையும் தாண்டி, தெரு முனைக் காலி மனையில் ஒரு தண்ணீர் லாரிக்காரர் போர் போட்டிருந்தார். காலை முதல் இருட்டும் வரை லாரிகள் வந்து நிரப்பிக்கொண்டு போகும். அந்தச் சத்தம் எங்களுக்குக் காது பழகிப்போன ஒன்று. எங்கள் பக்கத்துப் பூமி மேலே கொஞ்சம் களிமண், அதன் கீழே கையால் உதிர்க்கக்கூடிய மக்கிய பாறை, அதற்கும் கீழே பல்லாவரம் குவாரிகளில் வெட்டியெடுத்த அதே கருங்கல். தண்ணீர் இருப்பது மக்கிய பாறையின் இடைவெளிகளிலும் கருங்கல்லின் வெடிப்புகளிலும்தான். ஆழத்தில் வெடிப்பிலிருந்து ஒருவர் உறிஞ்சிக்கொண்டே இருந்தால் மேலே உள்ள தண்ணீர் அதை நோக்கி இறங்கும். போரைச் சுற்றி நீர்மட்டம் புனல் போலக் குழிந்துவிடும். இறைக்க இறைக்கப் புனல் அகலும். நாங்கள் மூன்று வீட்டாரும் அந்தப் புனலின் ஓரச் சரிவில் உட்கார்ந்திருந்தோம்.

இந்தப் படத்தை நான் பலகையில் வரைந்து வரைந்து அலுத்தவள். என் தெருவிலேயே அது இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

அன்று மாலையே அக்காவிடம் சொன்னேன். அவர் கிரைண்டரை நிறுத்திவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப எங்க டேங்க் இல்ல."

"இல்லக்கா."

"அத்த எல்லார் முன்னாடியும் சொல்வியா?"

"சொல்றேன். முதல்ல டீச்சர்கிட்ட சொல்லிடறேனே."

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "டேங்க்க பூசறப்ப அவரு உள்ள எறங்கினாரு மேடம். நாத்தம் தாங்காம வாந்தி எடுத்தாரு. அத்தயும் சேத்து சொல்லு" என்றார்.

டீச்சரிடம் போவதை இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். ஒரு உண்மையைச் சொல்வதில் என்ன கஷ்டம் என்று தோன்றலாம். அக்கா வீட்டிலிருந்து வரவில்லை என்றால் வேறு எங்கிருந்து வருகிறது என்று அடுத்த கேள்வி வருமே, அதுதான் கஷ்டம். முக்கோணத்தில் நான் போட்ட அம்புக்குறி டீச்சர் வீட்டு வாசலில் நுழைந்து, வாசல் பக்கத்து மாமரத்தடியைக் கடந்து, பின்னால் கிணற்றுக்குப் போனது. மாமரத்தடியில்தான் அவருடைய சொந்த டேங்க் இருந்தது.

புதன்கிழமை மாலை தாளை எடுத்துக்கொண்டு போனேன். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசை விளக்கைப் போட்டார்.

"தண்ணி மேட்டுக்கு ஏறுமா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

"ஏறல டீச்சர். இறங்கித்தான் போகுது. தண்ணியோட பள்ளம் இப்ப அந்தப் பக்கம் இருக்கு."

அவர் என் கணக்கை வரி வரியாகப் பார்த்தார். ட்யூப் லெவலில் எடுத்த உயரங்களைக் கழித்துப் பார்த்தார். ஒரு இடத்தில் நான் தசமப் புள்ளியைத் தள்ளி வைத்திருந்ததைத் திருத்தினார். விடை மாறவில்லை. பிறகு அளவுகோலை வைத்து அம்புக்குறியைப் பின்னோக்கி நீட்டினார். பென்சில் மாமரத்தடிக்கு வந்ததும் நின்றது.

"டேங்க் எங்க வைக்கணும்னு எங்க வீட்டுக்காரர் ரெண்டு மூணு பேர்கிட்ட கேட்டுத்தான் வெச்சார்" என்றார். "கிணறு மேட்டுப் பக்கம், டேங்க் ஏரிப் பக்கம். டேங்க்லேர்ந்து கசிஞ்சாலும் ஏரிப் பக்கம் போயிடும், கிணத்துக்கு வராதுன்னு. கொத்தனார் வாசல் பக்கம் வேணாம், வீட்டுக்கு முன்னாடி நல்லா இருக்காதுன்னார். இவர்தான் பிடிவாதமா நின்னு வெச்சார்."

எனக்குத் தெரியாத விஷயம் அது. அவர் தலையை நிமிர்த்தவில்லை. அந்தக் காலத்து டேங்க்குகளுக்கு அடியில் தளம் போட மாட்டார்கள், மண் உறிஞ்சிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்கள். அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"சார் சரியாத்தான் வெச்சார் டீச்சர். அப்ப தண்ணி ஏரிப் பக்கம்தான் போயிருக்கும். அவர் வெச்ச இடம் தப்பே இல்ல. தண்ணி இப்ப திரும்பிடுச்சு."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு கணக்கு டீச்சராகிவிட்டார்.

"கோடு என் டேங்க் வழியாப் போகுது, சரி. அதுக்காக என் டேங்க்தான்னு ஆயிடாது. நீட்டினா உன் வீட்டுக்கும்தான் போகுது. உன் டேங்க்கா இருந்தா?"

அதை நானும் நினைத்திருந்தேன். இரண்டு நாள் தள்ளிப்போட்டதில் அந்தப் பயமும் சேர்ந்திருந்தது. கல்லூரி ஆய்வகத்தில் ஒரு பச்சைச் சாயம் உண்டு. மண்ணுக்குள் நீரோட்டத்தைப் பின்தொடரப் பயன்படுத்துவது. கொஞ்சம் கலந்தாலே தண்ணீர் மினுமினுவென்று பச்சையாகத் தெரியும். துறைத் தலைவரிடம் கேட்டு ஒரு சின்னப் புட்டியில் வாங்கிவந்தேன். டீச்சரே அதைத் தன் வீட்டுக் கழிவறையில் ஊற்றி, மேலே வாளி வாளியாகத் தண்ணீர் விட்டார். நான் ஊற்றுகிறேன் என்றதற்கு விடவில்லை.

அதன் பிறகு தினமும் காலையில் கிணற்றிலிருந்து ஒரு வெள்ளை வாளியில் தண்ணீர் இறைத்து வாசலில் வைப்பார். பேருந்துக்குப் போகும் வழியில் நான் எட்டிப் பார்ப்பேன். முதல் சில நாட்கள் வெறும் கலங்கல். அக்கா தன் வாசலிலிருந்து கழுத்தை நீட்டி, "இன்னா மேடம், வந்துச்சா?" என்று கேட்பார். "இன்னும் இல்ல" என்பேன். நிலத்துக்குள் தண்ணீர் நகரும் வேகம் எங்கள் கல்லூரிக் கோப்புகள் நகரும் வேகத்தைவிடக் குறைவு. வராது போலிருக்கிறது, அடுத்து என் வீட்டில்தான் ஊற்ற வேண்டும் என்று முடிவு செய்திருந்த ஒரு காலையில் டீச்சர் கேட் அருகே நின்றுகொண்டிருந்தார். வாளித் தண்ணீர் வெயிலில் இளம்பச்சையாக இருந்தது.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. என் டேங்க் இல்லை. அடுத்த நொடி டீச்சர் முகத்தைப் பார்த்ததும் அந்த நிம்மதியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"ஆச்சு. நிரூபணம் ஆயிடுச்சு" என்றார். வாளியைக் கவிழ்த்துக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனார். நான் பேருந்தைத் தவறவிட்டு, ராஜகீழ்ப்பாக்கம் வரை நடந்து, ஷேர் ஆட்டோ பிடித்துத் தாம்பரம் போய், அங்கிருந்து நின்றுகொண்டே கல்லூரி போனேன்.

தெரு நலச்சங்கக் கூட்டம் அந்த மாதக் கடைசியில் பிள்ளையார் கோவில் பக்கத்துக் கொட்டகையில் நடந்தது. நான்தான் பேச வேண்டும் என்று செயலாளர் சொல்லியிருந்தார். தாளோடு நான் எழுந்திருக்கும் முன்பே டீச்சர் எழுந்துவிட்டார். வகுப்பில் பேசுவது போல நிதானமாக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"என் கிணத்துல வந்த நாத்தம் என் வீட்டு டேங்க்லேர்ந்து வந்தது. பக்கத்து வீட்டுலேர்ந்து இல்ல. நான் சொன்னது தப்பு. அவங்க வீட்டுக்காரர் டேங்க் உள்ள இறங்கி வேலை பார்த்தார், அதுக்கு அவசியமே இல்ல. மாவு பத்தி நான் பேசினதும் தப்பு."

உட்கார்ந்துவிட்டார். அக்கா கடைசி வரிசையில் இருந்தார். ஒருவர் இருமினார். செயலாளர் அடுத்த விஷயமான தெருவிளக்குக்குப் போகப் பார்த்தார். நான் எழுந்து லாரிக்காரர் போர் பற்றிச் சொன்னேன். புனல், சரிவு, இழுப்பு எல்லாவற்றையும் என்னால் முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன். கேட்டார்கள். நாற்றத்தில் ஆர்வம் இருந்த அளவுக்கு அதில் யாருக்கும் ஆர்வம் இல்லை.

"மேடம், அவர் லாரிதான் கோடையில நம்ம தெருவுக்கே தண்ணி தருது. அவரை நிறுத்தச் சொன்னா அப்புறம் நாம எங்க போறது?" என்று செயலாளர் கேட்டார். பிறகு அவரே மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதித் தாருங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன். ஒருவர் வந்து போரைப் பார்த்துவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். லாரிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

டீச்சர் பழைய டேங்க்கைக் காலி செய்து, தளம் போட்டுப் பூசினார். கிணற்றுத் தண்ணீரைச் செடிக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டார். குளிக்கவும் சமைக்கவும் வாரம் ஒரு முறை லாரித் தண்ணீர் வாங்கினார். எந்த லாரி என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் முறை லாரி அவர் வாசலில் குழாய் போட்டபோது நான் மாடியிலிருந்து பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். வேறு என்ன செய்யச் சொல்கிறாய் என்பது போலக் கையை விரித்துக் காட்டினார்.

அக்காவின் வியாபாரம் திரும்பி வரவில்லை. கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒருசிலர் மறுபடி வாங்கினார்கள். வராதவர்களுக்கு நாற்றம் மட்டும்தான் நினைவில் இருந்தது, அளந்து பார்த்தது நினைவில் இல்லை. இதற்குள் எல்லாரும் கடையில் பாக்கெட் மாவு வாங்கப் பழகிவிட்டிருந்தார்கள். அக்கா ஒரு கிரைண்டரை விற்றுவிட்டு, இன்னொன்றில் அரைத்துக் குரோம்பேட்டையில் ஒரு டிபன் கடைக்கு மட்டும் கொடுக்க ஆரம்பித்தார். அவர் கணவர் வேலைக்குப் போகும் வழியில் பைக்கில் வைத்து எடுத்துப்போவார்.

ஒருநாள் அவரிடம், "உங்க கிணத்தையும் மூடியே வெச்சிருங்கக்கா. டீச்சர் வீட்டுலேர்ந்து தண்ணி உங்க பக்கம்தான் வருது" என்றேன். இதைச் சொல்லாமல் விடக்கூடாது என்று பல நாள் நினைத்திருந்தேன்.

"தெரியும் மேடம். அன்னிக்கு மூடியத் தொறந்தப்பவே லேசா வாட வந்துச்சு. அவரு கண்டுகினாரு."

"ஏங்க்கா அப்பவே சொல்லல?"

"அப்ப எங்க டேங்க்தான்னு நெனச்சி பயந்துட்டோம். அப்பறம் தெரிஞ்சப்ப இன்னாத்துக்கு சொல்றது. அவங்களும் தனியா கீறாங்க, நம்ம பங்குக்கு நாம ஒரு சண்ட போடணுமா." அரிசி களைந்த தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றினார். "எனக்குக் கோவம் போவல மேடம். அது வேற. ஆனா சண்ட போட தெம்பு இல்ல."

ஐப்பசி மழை அந்த வருடம் நன்றாகப் பெய்தது. ஏரி நிரம்பியது. லாரிக்காரருக்கு வேலை குறைந்து, போர் பாதி நாள் சும்மா கிடந்தது. தரைக்குள் தண்ணீர் இறங்கிச் சேரச் சேரக் கிணறுகளில் மட்டம் ஏறியது. டீச்சர் ஒரு ஞாயிறு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மறுபடி அளந்து பார்க்கலாமா என்றார். அக்கா வீட்டில் கேட்டதற்கு அவர் கணவர் பலகையைத் தள்ளிவிட்டு வேலைக்குப் போனார். தரை உயரங்கள் ஏற்கெனவே இருந்ததால் டேப் மட்டும் போதுமாக இருந்தது. கணக்கை டீச்சரே போட்டார். மூன்று மட்டங்களும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

"அப்ப இப்ப எங்கயும் போகல" என்றார்.

"ரொம்ப மெதுவாப் போகும் டீச்சர். கோடை வந்தா மறுபடி அந்தப் பக்கம் சாயும்."

"தெரியும்மா" என்றார். அக்கா வீட்டுக் கிணற்றைப் பார்த்துவிட்டு வரும் வழியில் அவரும் அக்காவும் கேட்டருகே நேருக்கு நேர் வந்துவிட்டார்கள். டீச்சர் நின்றார். முட்டிவலி எப்படி இருக்கிறது என்று அக்காதான் கேட்டார். அப்படியேதான் இருக்கிறது என்றார் டீச்சர். மாவு எத்தனை மணிக்கு எடுத்துப்போகிறார்கள் என்று டீச்சர் கேட்டார். ஆறரைக்கு என்றார் அக்கா. அவ்வளவுதான் பேசினார்கள். அதற்குப் பிறகும் அதிகம் பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை வகுப்பில் அதே அத்தியாயம். பலகையில் தரையை ஒரு பக்கமும் நீர்மட்டத்தை எதிர்ப்பக்கமும் சாய்த்து வரைந்தேன். முன்வரிசை மாணவி ஒருத்தி, படம் தப்பாக இருக்கிறதே மேடம் என்றாள். இல்லை, இப்படியும் இருக்கும் என்றேன். அவள் நோட்டில் வரைந்துகொண்டாள். மணி அடித்தது. பலகையைத் துடைக்கக் கை எழாத அலுப்பில் கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, அடுத்த வகுப்புக்குப் போனேன்.